மஞ்சள் விளக்கில் நட்ட கல்

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு மடை திறக்க மண்வெட்டியோடு வயலுக்குப் போன அம்சம், போன வேலையை மறந்து வரப்பின் மேல் அப்படியே நின்றுவிட்டாள். முந்தின நாள் இருட்டில் நட்ட எல்லைக்கல் வரப்பில் இல்லை. வரப்பைத் தாண்டி, அவளுடைய வயலுக்குள்ளே ஏழு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. தலையில் சிவப்புப் பெயின்ட்டும் காலடியில் ஒரு எலுமிச்சம்பழமுமாக, அங்கேயே பிறந்து வளர்ந்ததைப் போல நின்றது. அந்த எலுமிச்சம்பழத்தைக் குங்குமம் தடவிக் கொடுத்தனுப்பியவளே அவள்தான்.

வரப்புக்கு வடக்கே செல்லதுரையின் நிலம், தெற்கே அவளுடையது. இரண்டுக்கும் மேற்கே வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலிலிருந்து அவள் வயலுக்குத் தண்ணீர் வரும் மடை, வரப்பிலிருந்து நாலடி தள்ளி, வடமேற்கு மூலையில் இருந்தது. வயலிலேயே மேடான இடம் அதுதான். அங்கே விட்டால் ஏறக்குறைய ஒரு ஏக்கரான அவளுடைய மூன்று மாவுக்கும் தண்ணீர் தானாகப் பரவும். வேறு எங்கே மடை வைத்தாலும் தண்ணீர் ஏறாது. இந்தப் புதுக்கல் சொல்கிற கணக்குப்படி, அந்த மடை இனி செல்லதுரைக்குச் சொந்தம்.

வேறொருத்தியாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பாள். அம்சத்துக்கு அழுகை எப்போதும் தாமதமாகத்தான் வரும், கோபம் முந்திக்கொள்ளும். மண்வெட்டியை வரப்பில் ஓங்கிக் கொத்தி நிறுத்திவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தாள். பதினாறு வருடத்துக்கு முன்னால், செல்லதுரையின் சித்தப்பா நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனபோது, புருஷனும் பெண்டாட்டியுமாக வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கிய மூன்று மா அது. அதற்கு முன்னால் அதே வயலில் அவள் குனிந்து நட்டிருக்கிறாள், நிமிர்ந்து நின்றதில்லை. செல்லதுரை வீட்டு வாசலில் நெல்லுக்கும் வைக்கோலுக்கும் நின்றது போதாதென்று, இனி தண்ணீருக்கும் போய் நிற்கவேண்டுமா?

வீட்டு வாசலில் அவள் புருஷன் ஐயாவு பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கல்லு எங்க நட்டிருக்காங்கன்னு பாத்தீங்களா?"

ஐயாவு வாயைக் கொப்பளித்துத் துப்பினார். அதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

"பாத்தேன்."

"எப்பப் பாத்தீங்க?"

"நடறப்பவே பாத்தேன். நாந்தானே டார்ச் அடிச்சேன்."

"வரப்புக்கு இந்தாண்ட நடறானேன்னு ஒரு வார்த்தை கேக்கலயா?"

"மிஷின் அந்த எடத்ததான் காட்டுச்சு. சின்னய்யாவும் பக்கத்துல நின்னாரு. சர்வேயர் தம்பி கையெழுத்துப் போடுங்கன்னுச்சு, போட்டேன்."

அம்சத்துக்கு உச்சி சுர்ரென்றது. இவள் சர்வேயருக்குச் சாப்பாடு செய்ய வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்தில் இவ்வளவும் நடந்திருக்கிறது. மூன்று கூட்டுப் பொரியலோடு இலை போட்டு, 'நல்லா சாப்புடுங்க தம்பி' என்று விழுந்து விழுந்து பரிமாறியதை நினைத்தபோது தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"சின்னய்யா! அறுபது வயசாகுது உங்களுக்கு. உங்களைவிடப் பதினஞ்சு வயசு சின்னவன் அந்தச் செல்லதுரை. சொந்த நெலத்துல நின்னுக்கிட்டுச் சின்னய்யாவாம் சின்னய்யா! அந்த வார்த்தை வாயில இருக்கறவரைக்கும் உங்களுக்கு வேற வார்த்தை எப்படி வரும்?"

ஐயாவு சொம்பை எடுத்து முகம் கழுவினார். அவர் பேசாமலிருப்பது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் பேசாமலிருந்தே ஒரு மடையைத் தாரைவார்த்துக் கொடுக்க முடியும் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

இத்தனைக்கும் அளக்கச் சொன்னவளே அவள்தான். செல்லதுரை தன் நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி போடப்போகிறான் என்று கேள்விப்பட்டதும் நேரில் போய், "மொதல்ல எல்லையை அளந்துருவோம், அப்பறம் வேலி போடுங்க" என்று சொன்னாள். பொதுவரப்பின் கிழக்குக் கோடியிலும் மேற்குக் கோடியிலும் இருந்த பழைய கற்களைப் போன வருடம் அறுவடை மிஷின் நொறுக்கிவிட்டது. வரப்பு இருக்கிறது, ஆனால் வரப்பை யார் வேண்டுமானாலும் ஒரு மண்வெட்டியில் நகர்த்தலாம். கல் என்றால் கல். அதனால் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக டவுனிலிருந்து இளஞ்செழியன் என்ற தனியார் சர்வேயரை வரவழைத்தார்கள். சங்கிலியும் டேப்புமாக அளந்த காலம் போய், அவன் ஒரு கம்பத்தின் தலையில் குடை மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தான். சேட்டிலைட்டிலிருந்து நேராக அளவு வந்துவிடுமாம், அரை அங்குலம் பிசகாதாம். அம்சம் அந்தக் குடையை நன்றாக ஒருமுறை பார்த்து, மனதுக்குள் கும்பிடு கூடப் போட்டாள்.

அளந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ராகுகாலம் முடிந்து, நல்ல நேரம் பிறந்த பிறகுதான் முதல் கல் நட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் அம்சம் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

எட்டு மணிக்கு அவள் செல்லதுரையின் களத்துக்குப் போனாள். அங்கே லாரியிலிருந்து சிமென்ட் போஸ்ட் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேலி வேலையை எடுத்திருந்த சேக் தாவூது, அதிராம்பட்டினத்துக்காரர், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போஸ்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். செல்லதுரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"வா அம்சம். என்ன காலங்காத்தால?"

"தம்பி, கல்லு தப்பா நட்டிருக்கு. எங்க மடை உங்க பக்கம் போயிருச்சு."

தம்பி என்று அவள் கூப்பிடத் தொடங்கிப் பல வருடமாகிறது. ஒவ்வொரு முறையும் அவன் முகத்தில் ஒரு கொசு உட்கார்ந்து எழுந்து போகும். இன்றைக்கும் போனது.

"நானா நட்டேன்? மிஷின் சொல்லுச்சு, நட்டாங்க. உன் வீட்டுக்காரரே நின்னு பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காரு. வரப்பு காலங்காலமா எங்க பக்கம் ஏறி இருந்திருக்கு, இப்பத்தான் தெரியுது. நான் அதைப் பத்தி ஒண்ணும் பேசலயே. போனது போகட்டும்."

"போனது போகட்டுமா? யாரு நெலம் யாருகிட்ட போயிருக்குன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"கத்தாத அம்சம். மடையை நான் என்ன அடைச்சா வைக்கப்போறேன்? வேலிக்கு உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன? தண்ணி வேணுங்கறப்ப ஒரு வார்த்தை சொல்லு, ஆளை விட்டுத் தொறக்கச் சொல்றேன்."

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். இவன் அவளுடைய தண்ணீரை அவளுக்கே தர்மம் பண்ணுகிறான், அதுவும் முகம் மலர்ந்து! அவளுக்கு வாயடைத்துப்போனது. வாழ்க்கையில் அவளுக்கு வாயடைத்துப்போன தருணங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

திரும்பும்போது சேக் தாவூது பக்கத்தில் வந்து, "அம்மா, அடுத்த திங்கக்கெழமைதான் குழி தோண்ட ஆரம்பிக்கிறோம். கல்லு எங்க இருக்கோ அங்க குழி. அதுக்குள்ள கல்லு எடம் மாறுனா குழியும் மாறும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். அந்தக் களத்தில் அவளுக்கு உபயோகமாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

மத்தியானம் மகளுக்குப் போன் போட்டாள். தமிழ்நிலா இயற்பியல் படித்துவிட்டு, தெற்கே திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே மொட்டைமாடியில் ஆன்டெனாக்களை வைத்து, சேட்டிலைட் சிக்னலை ராப்பகலாகப் பதிவு செய்கிறார்கள். எதற்கு என்று அம்சம் பலமுறை கேட்டிருக்கிறாள். மகளும் பலமுறை சொல்லியிருக்கிறாள். இதுவரை யாருக்கும் பிரயோஜனமில்லாத வேலை என்றுதான் அம்சம் உள்ளுக்குள் வைத்திருந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தமிழ்நிலா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மேற்குக் கல்லு நட்டப்ப மணி என்னம்மா இருக்கும்?"

"கெழக்குக் கல்லு ஆறரைக்கு நட்டாங்க. அப்பறம் சூடம் கொளுத்தித் தேங்கா ஒடச்சோம். மேற்குக் கோடிக்குப் போறதுக்குள்ள இருட்டிப்போச்சு. ஏழே முக்கா இருக்கும்."

மகள் பக்கத்தில் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் மாறியது. அந்தக் குரல் அம்சத்துக்குத் தெரியும். அது தன்னுடைய குரல்தான்.

"அம்மா, ஞாயித்துக்கெழம ராத்திரி ஏழு இருபதுல இருந்து ஒம்போது மணி வரைக்கும் எங்க ரெக்கார்டுல சிக்னலெல்லாம் பேய் புடிச்ச மாதிரி ஆடியிருக்கு. அந்த நேரத்துல எவனாவது எல்லை அளப்பானா?"

"புரியற மாதிரி சொல்லுடி."

"நமக்கு மேல முன்னூறு கிலோமீட்டர் ஒசரத்துல அயனி மண்டலம்னு ஒண்ணு இருக்கு. சேட்டிலைட் சிக்னல் அதைத் தாண்டித்தான் கீழ வரணும். சூரியன் எறங்கி ஒரு மணி, ஒண்ணரை மணி நேரத்துல அதோட அடிப்பக்கம் மெலிஞ்சுபோயி, குமிழ் குமிழா மேல கெளம்பும். உலை கொதிக்கறப்ப அடியில இருந்து கெளம்புமில்ல, அப்படி. அதுக்குள்ள பூந்து வர்ற சிக்னல் துடிக்கும், அறுந்து அறுந்து போகும். மிஷினுக்குத் தான் எங்க நிக்கிறோம்னே தெரியாது."

"எல்லா ஊர்லயுமா இப்படி?"

"இல்லம்மா. பூமியோட காந்த நடுக்கோடு நம்ம தெக்கத்திப் பக்கமாத்தான் போகுது. அதை ஒட்டி இருக்கற ஊருக்குத்தான் இந்தத் தொல்லை ஜாஸ்தி. அதுலயும் பங்குனி, புரட்டாசியில ரொம்ப. போதாக்குறைக்கு இப்ப சூரியனும் உக்கிரமா இருக்கு, பதினோரு வருஷத்துக்கு ஒருவாட்டி அப்படி வரும். காலையில இந்தக் குமிழ் கெடயாது. எட்டுல இருந்து பத்துக்குள்ள அளக்கச் சொல்லு, கல்லு தானா வரப்புக்கு வரும்." பிறகு கேட்டாள். "சாயங்காலம் வெளிச்சத்துலயே அளந்திருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல. ஏன் அவ்வளவு லேட்டாச்சு?"

"ஆச்சு" என்றாள் அம்சம். "உன் ரெக்கார்டை என் வாட்ஸப்புக்கு அனுப்பு."

புதன்கிழமை காலை ஐயாவுவின் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, வலங்கைமானுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இளஞ்செழியன் அளந்துகொண்டிருந்த இடத்துக்கே போய் இறங்கினாள். வழியெல்லாம் நடவு நடந்துகொண்டிருந்தது. புருஷனின் முதுகைப் பார்த்துக்கொண்டே பன்னிரண்டு கிலோமீட்டரும் அவரைத் திட்டிக்கொண்டு வந்தாள். காற்றில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது. மீதிப் பாதியே ஒரு மனிதனுக்குப் போதும்.

இளஞ்செழியன் வெயிலில் கறுத்து, கண்ணுக்கடியில் குழி விழுந்து, ஒரு வாய்க்கால் பாலக்கட்டையின் மேல் உட்கார்ந்து பொட்டலத்தில் இட்லி தின்றுகொண்டிருந்தான். அம்சத்தைக் கண்டதும் எழுந்து, "வாங்கம்மா, அன்னைக்குச் சாப்பாடு பிரமாதம்" என்றான்.

"சாப்பாடு கெடக்கட்டும் தம்பி. தின்ன சோத்துக்காவது ஒழுங்கா அளந்தீங்களா?"

அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் மூடிக்கொண்டு வந்தது. மேலே இருபது சேட்டிலைட் இருக்கிறது, வெளிநாட்டு மிஷின், மாவட்டம் முழுக்க இதில்தான் அளக்கிறேன், ஒரு இடத்தில் புகார் கிடையாது என்று அடுக்கினான். அவள் வாட்ஸப்பைத் திறந்து மகள் அனுப்பிய படத்தைக் காட்டினாள். ஏழு இருபது வரை நேராக ஓடிய கோடு, அதற்கப்புறம் முள்ளம்பன்றியின் முதுகாகச் சிலிர்த்திருந்தது.

"அது தின்னவேலி படம்மா. உங்க வயலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

மகள் சொல்லியிருந்தாள், காந்தக்கோடு, குமிழ் வடக்கே நீளும் என்றெல்லாம். கோபத்தில் எல்லாம் குழம்பிவிட்டது. அப்போது வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஐயாவு தொண்டையைக் கனைத்தார்.

"கெழக்கால கல்லுக்கு மிஷின்ல பச்சையா எரிஞ்சுது தம்பி. மேற்கால கல்லுக்கு மஞ்சளா எரிஞ்சுது. நீங்க கம்பத்தைத் தூக்கித் தூக்கி வச்சுப் பாத்தீங்க, அரை மணி நேரம். கடைசிவரைக்கும் மஞ்சதான். அப்பறம் போதும்னு எழுதிட்டீங்க."

இளஞ்செழியன் கையிலிருந்த இட்லியைப் பொட்டலத்திலேயே வைத்துவிட்டான். பச்சை என்றால் மிஷின் இடத்தைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மஞ்சள் என்றால் இன்னும் மிதக்கிறது, அந்த அளவை நம்பாதே என்று அர்த்தம். அது அவனுடைய தொழிலின் முதல் பாடம். டார்ச் பிடித்த கிழவருக்கு இதெல்லாம் என்ன தெரியப்போகிறது என்று அன்றைக்கு அவன் நினைத்திருக்கவேண்டும்.

"மஞ்சள்னு தெரிஞ்சே நட்டீங்களா?" அம்சத்தின் குரல் அந்த வயல் முழுக்கக் கேட்டது. நடவாட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "டேப்பைப் புடிச்சு ஒரு தடவ சரிபாத்திருந்தா என்ன கொறஞ்சா போயிருப்பீங்க?"

அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "இருட்டுல முழங்கால் சேத்துல யாரும்மா டேப் புடிக்கறது? நான் நாலரைக்கே மிஷினை மாட்டிக்கிட்டு ரெடியா நின்னேன். அஞ்சு மணிக்கெல்லாம் ரெண்டு கல்லையும் நட்டுட்டுப் போயிருப்பேன். யாரு நிறுத்துனது? 'ராகுகாலம் தம்பி, ஆறு மணி வரைக்கும் எங்க கல்லைத் தொடாதீங்க, டீ சாப்புடுங்க'ன்னு யாரு சொன்னது?"

அம்சம் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஒரே வாரத்தில் இது இரண்டாவது முறை.

மூன்று நாளாகச் செல்லதுரையைத் திட்டினாள், சர்வேயரைத் திட்டினாள், புருஷனைத் திட்டினாள், மிஷினையும் ஆகாசத்தையும்கூட விடவில்லை. திட்டாமல் விட்ட ஒரே ஆள் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். மகள் போனில் ஏன் லேட் என்று கேட்டபோதே அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. 'ஆச்சு' என்று சொல்லிச் சமாளித்துவிட்டாள்.

கூலிக்குப் போன காலத்தில் அவள் நேரம் பார்த்ததில்லை. கூப்பிட்டால் போகவேண்டும், குனியச் சொன்னால் குனியவேண்டும். நேரம் பார்ப்பது நிலம் உள்ளவர்கள் செய்கிற காரியம். சொந்த நிலம் வந்த அன்றைக்கே அவள் செய்த முதல் வேலை, சுவரில் ஒரு தினசரி காலண்டர் மாட்டியதுதான். அதற்கப்புறம் விதை விடுவதற்கும் கதிர் அறுப்பதற்கும் ராகுகாலம் பார்த்தாள், எமகண்டம் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்தது. 'ராகுகாலம், காத்திருங்க' என்று படித்த ஒரு ஆளைப் பார்த்து அவள் சொல்கிறாள், அவனும் காத்திருக்கிறான்! ஞாயிற்றுக்கிழமை அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் தரையில் நடக்கவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றாள் கடைசியில். "நான் பண்ணுன தப்புக்கு நான் செருப்பால அடிச்சுக்கறேன். உங்க மஞ்ச வெளக்குக்கு நீங்க என்ன பண்ணப்போறீங்க?"

இளஞ்செழியன் அவளையே பார்த்தான். பிறகு பையிலிருந்து டைரியை எடுத்துப் புரட்டினான். நாளைக்கு வேறு ஊர், அதற்கடுத்த நாளும் வேறு ஊர். அடுத்த திங்கட்கிழமை மத்தியானத்திலிருந்து பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள், இருபது நாள் வேலை.

"திங்கக்கெழம காலையில எட்டு மணிக்கு வர்றேன். ஒம்போது மணிக்குக் கெளம்பணும். அந்த நேரத்தை விட்டா ஒரு மாசம் ஆகும், சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தாள். பார்க்காமலே தெரியும். திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரையிலிருந்து ஒன்பது.

திங்கட்கிழமை காலை வானம் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. எட்டு மணிக்கு இளஞ்செழியன் வந்து கம்பத்தை நிறுத்தினான். சேக் தாவூது கடப்பாரை பிடிக்கிற ஆட்களோடு வரப்போரம் உட்கார்ந்துவிட்டார். செல்லதுரை சலவை வேட்டியோடு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவனை வரவழைக்க அம்சம் ஒன்றும் சிரமப்படவில்லை. மிஷின் திரும்பவும் தன் பக்கம்தான் பேசும் என்று அவன் நம்பினான்.

முதலில் கிழக்குக் கல். பச்சை விளக்கு எரிந்தது. "விரக்கடை கூட மாறலே, சரியா இருக்கு" என்றான் இளஞ்செழியன். செல்லதுரை தலையை ஆட்டினான். பிறகு மேற்கே வந்து, புதுக்கல்லின் தலையில் கம்பத்தை வைத்தான். பச்சை. திரையைப் பார்த்தான், எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தான். கம்பத்தைத் தூக்கிக்கொண்டு வடக்கே நடக்க ஆரம்பித்தான். ஐந்து அடி, ஆறு அடி. திரையிலேயே கண்ணாக வந்தவன் ஐயாவுவின் மேல் மோதிக்கொண்டான். ஐயாவு எப்போது போய் வரப்பின் மேல் நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"கொஞ்சம் வெலகுங்கய்யா. நீங்க நிக்கிற எடம்தான்."

ஐயாவு காலை எடுத்தார். கம்பம் அங்கே இறங்கியது, பச்சையாக எரிந்தது. இந்த முறை டேப்பையும் பிடித்துப் பார்த்தார்கள். ஏழு அடி ஒரு அங்குலம்.

அம்சம் புருஷனை முறைத்தாள். இடம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த மனிதர், அன்றைக்கு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாரே! சந்தோஷத்திலும் அவளுக்கு ஆத்திரம்தான் பொங்கியது.

"அன்னைக்கு நட்டது தப்புதாங்க" என்றான் இளஞ்செழியன், யார் முகத்தையும் பார்க்காமல். "கல்லைப் புடுங்கி இங்க நட்டுடலாம். நான் புதுசா வரைபடம் போட்டுத் தர்றேன்."

செல்லதுரை சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மணி பார்த்தான்.

"மிஷின் சொன்னா சரி, நான் ஒண்ணும் சொல்லலே. ஆனா மணி எட்டு இருபது. ராகுகாலம். நட்ட கல்லை ராகுகாலத்துல புடுங்கறது குடும்பத்துக்கு ஆகாது அம்சம், உனக்கே தெரியும். நீதானே அன்னைக்கு அந்தப் புள்ளையை ஒண்ணரை மணி நேரம் நிறுத்தி வச்ச? ஒம்போது மணிக்கு மேல பாத்துக்கலாம்."

"ஒம்போது மணிக்கு எனக்கு பஸ்சுங்க" என்றான் இளஞ்செழியன்.

"அப்ப அடுத்த மாசம் வரட்டும். என்ன அவசரம்? தண்ணிக்கு நான்தான் சொல்லியிருக்கேனே."

எல்லாரும் அம்சத்தைப் பார்த்தார்கள். அவளுக்குப் பயம் வந்தது, அது நிஜம். மகள் தனியாக ஒரு ஊரில் இருக்கிறாள். இவருக்கு நெஞ்சுவலி ஒருமுறை வந்து போயிருக்கிறது. பதினாறு வருடம் காலண்டரைக் கிழித்த கை அது. செல்லதுரைக்கு அது தெரிந்திருந்தது. சிரிப்பை அவன் மீசைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்குக் கைகொடுத்தது.

"தம்பி, உங்க வீட்டு நடவுக்கு நான் எத்தனை வருஷம் வந்திருக்கேன்னு தெரியுமா? இருபத்திரண்டு வருஷம். உங்க அம்மா நல்ல நேரம் பாத்து வருவாங்க. மொத முடி நாத்தைத் தொட்டுக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. மீதி ரெண்டு வேலி நெலத்தையும் யாரு நட்டது? எந்த நேரத்துல நட்டது? ராகுகாலத்துல ஒரு கட்டு, எமகண்டத்துல ஒரு கட்டு. நட்டு முடிக்கறவரைக்கும் எங்களை நிமிரவே விடலயே நீங்க. ராகுகாலம், செத்த நேரம் கரையேறுங்கன்னு ஒருத்தர் சொன்னதுண்டா? அந்த நெல்லு வெளையலயா? அதைத் தின்னு உங்க குடும்பம் ஆகாமப் போச்சா? எங்க கை பட்டா உங்களுக்கு வெளையறதுக்கு எல்லா நேரமும் நல்ல நேரம். எங்க கல்லு எங்க எடத்துல நிக்கறதுக்கு மட்டும் ராகுகாலமா?"

சேக் தாவூதின் ஆட்களில் ஒருவன் வாயிலிருந்த வெற்றிலையை மெல்வதை நிறுத்தியிருந்தான். செல்லதுரை போனைப் பார்த்தான், வாய்க்காலைப் பார்த்தான், அம்சத்தை மட்டும் பார்க்கவில்லை.

"நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றான்.

"நல்லது எதுன்னு இனிமே நான் பாத்துக்கறேன். ஏங்க, கடப்பாரையை எடுங்க."

ஐயாவு கடப்பாரையை எடுத்துக்கொண்டு புதுக்கல்லின் பக்கம் போனார். செல்லதுரை அதை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தான், நகர்கிற மாதிரி தெரியவில்லை. நாற்பது வருடமாக அந்த வீட்டாள் நிற்கிற இடத்தை ஐயாவு சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறார். இன்றைக்கும் சுற்றிக்கொண்டு போவார், மேற்குப் பக்கத்திலிருந்து குத்துவார் என்று அம்சம் நினைத்தாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஐயாவு நின்றார். கடப்பாரையைத் தோளில் தூக்கினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி. வேட்டியில சேறு படும்."

செல்லதுரை தள்ளி நின்றான்.